தெரியாது என்று சொன்ன டாக்டர்

டாக்டர் என்றால் தெரியும் என்று சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் தெரிந்த மாதிரி தலையையாவது ஆட்ட வேண்டும். படப்பையில் எனக்கு வாடிக்கையான டாக்டர் ஒருவர் இருக்கிறார். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் மாத்திரை எழுத ஆரம்பித்துவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பயந்தவனுக்கு வேண்டியது வைத்தியம் இல்லை, வேகம்.

நான் சொல்லப்போகிற டாக்டரம்மா அந்த ரகம் இல்லை.

எங்களுடையது ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனி. நான் அங்கே லைன் சூப்பர்வைசர். ஒரு மத்தியானம் கேன்டீனில், சாம்பார் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணியை நிறுத்திவைத்து, "வயிறு சம்பந்தமா ஆராய்ச்சி பண்ற டாக்டர்" என்று எச்.ஆர். அதிகாரி அறிமுகம் செய்தார். காட்டன் புடவை, முதுகில் காலேஜ் பிள்ளைகள் மாட்டுகிற பை, காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ. பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏழுமலை முதல் ஆளாகக் கையைத் தூக்கினான்.

"மேடம், நைட் ஷிஃப்ட் வந்தா எனுக்கு வயிறு கல்லு மாரி ஆயிடுது. டே ஷிஃப்ட் வந்தா தண்ணி மாரி ஆயிடுது. இன்னாத்துக்கு மேடம்?"

"தெரியாதுங்க" என்றார் அவர்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாதாரணமாக இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் எரிந்துவிழுவார்கள். இவர் முகம், ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளியை வாசலில் பார்த்தது போல மலர்ந்தது.

"யாருக்குமே சரியாத் தெரியாதுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஏழுமலை உட்கார்ந்துகொண்டு என் காதில் சொன்னான். "இன்னா தல, ஊசி போடாதாம், மாத்திரை தராதாம், கேட்டா தெரியவும் தெரியாதாம். இன்னா டாக்டர் இது?"

நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன் என்று கம்பெனி முழுக்கப் பெயர் வாங்கியவன் நான். ஆனால் அந்தச் சமயம் எனக்கு விலாவுக்குக் கீழே ஒரு வலி இருந்தது. என் கைப்பேசி அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு மூன்று விதமான புற்றுநோய்களைச் சிபாரிசு செய்திருந்தது. நானும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மனதார ஏற்றுக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் என் மனைவி செல்வியிடம், இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டிருந்தேன். "இன்னாத்துக்கு, வண்டிய எங்கனா இடிச்சிட்டியா?" என்றாள். உருக்கமான கட்டத்தை இப்படித்தான் எப்போதும் கெடுப்பாள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டரம்மாவை மடக்கினேன்.

"மேடம், இங்க வலிக்குது. இது... அதுவா இருக்குமா?"

"எதுங்க?"

"அதான் மேடம்."

"கேன்சரைக் கேக்கறீங்களா?"

எங்கள் கேன்டீனில் அந்த வார்த்தையை அத்தனை சத்தமாக யாரும் சொன்னதில்லை. தட்டுக் கழுவுகிற அக்கா கையை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றேன்.

"தெரியாதுங்க."

"இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

"தெரியாததை எப்படிங்க சொல்றது? நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க. இந்த வாரமே ஒரு வயித்து டாக்டர்கிட்டப் போங்க, டியூப் விட்டுப் பாப்பாரு. பாத்துட்டு வந்து என்கிட்டயும் சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணுமில்லீங்க?"

போனேன். டியூப் விட்டார்கள். அந்த டியூப் உள்ளே இறங்கியபோது நான் வேண்டிக்கொண்ட சாமிகளை எல்லாம் வரிசையாகப் போய்ப் பார்ப்பதென்றால் கம்பெனியில் நீண்ட லீவு போட வேண்டும். கடைசியில், இரைப்பையில் லேசான புண், மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும் என்றார்கள். அன்றைக்கே வண்டியைத் திருப்பி டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவருடைய ஆராய்ச்சிக்கூடம் மெயின் ரோட்டில், எங்கள் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே இருந்தது. ஒரு மேஜை, சில நாற்காலிகள், ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போல ஒரு பெரிய ஃப்ரீசர். அவ்வளவுதான். ஜன்னல் வழியாகச் சால்னா வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். வயிற்று ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

"ஒன்னும் இல்லியாம் மேடம்! வெறும் புண்ணுதானாம்!"

"ரொம்ப சந்தோஷங்க. எதனால வந்துச்சாம்?"

"அது... சொல்லலை மேடம்."

"அப்போ அவருக்கும் தெரியலைங்க!" என்று கையைத் தட்டினார். எனக்கு அந்த நிமிஷமே புண் ஒரு தடவை எரிந்து அடங்கியது.

கீழேயிருந்து பரோட்டா வரவழைத்தார். புண்ணுக்காரனுக்கு இட்லி. சாப்பிடும்போதுதான் அவர் எந்தப் பணத்தில் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வயிறு, குடல், கல்லீரல் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் தருகிற ஒரு அறக்கட்டளை சென்னையில் இருக்கிறதாம். அது தந்த விதைப் பணம்.

"அதென்ன மேடம் விதைப் பணம்?"

"பெரிய பணம் தர்றவங்க நிறைய இருக்காங்க. ஆனா அவங்க, முதல்ல ஏதாவது கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் கண்டுபிடிக்கறதுக்குப் பணம் தர்றேம்பாங்க. அந்த 'முதல்ல ஏதாவது' இருக்குதில்லீங்க, அதுக்குத் தர்ற பணம் இது. கதவைத் திறக்கறதுக்கு இல்லீங்க. சாவி ஓட்டை வழியா எட்டிப் பாக்கறதுக்கு."

"வெதைச்சது மொளைக்கலைன்னா?"

"மொளைக்காதுன்னு தெரிஞ்சுக்கலாமுங்க. தெரிஞ்சுக்கிட்டு ரூமைக் காலி பண்ணணும். நான் மறுபடி காலேஜ்ல பாடம் நடத்தப் போயிருவேன்."

பாடம் நடத்துவதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் முகம் சுருங்கியது. தெரிந்ததையே வருஷா வருஷம் சொல்ல வேண்டுமே.

அவர் எட்டிப் பார்க்க விரும்பியது இதுதான். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் நல்லவை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்களின் வயிற்றில், வலியும் புண்ணும் வருவதற்கு முன்பே அந்தக் குடித்தனக்காரர்கள் மாறுகிறார்களா? மாறினால், நோய் வருவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடலாம். அதற்கு அவருக்கு எங்கள் மலம் வேண்டும். டே ஷிஃப்ட் வாரத்தில் ஒரு தடவை, நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஒரு தடவை. வருஷக் கடைசியில் அறக்கட்டளை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அதற்குள் ஏதாவது தெரிந்தால் பெரிய கதவு திறக்கும். இல்லையென்றால் காலேஜ்.

ஆள் பிடித்துத் தருகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தியாகம் எல்லாம் இல்லை. டாக்டர் பக்கத்திலேயே இருந்தால் நோய் கொஞ்சம் யோசித்துத்தான் வரும் என்பது என் கணக்கு.

லேசான வேலை இல்லை அது. ரத்தம் கேட்டால் கையை நீட்டுகிறவர்கள் இதைக் கேட்டதும் ஓடினார்கள். டாக்டரம்மாவுக்கோ கூச்சம் என்பதே கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம், "இன்னைக்கு எப்படிங்க போச்சு?" என்று, மழை பெய்ததா என்று விசாரிப்பது போலக் கேட்பார். குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிற ஸ்டெல்லா, சேரப்பணஞ்சேரிக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு, "டப்பா மேல பேர் போடுவீங்களா மேடம்?" என்றாள். நம்பர் மட்டும்தான் என்றதும் சம்மதித்தாள். அவள் சம்மதித்ததும் அவள் லைன் மொத்தமும் சம்மதித்தது. வீட்டில் செல்விதான், "அந்த டப்பாவ சாப்பாட்டுப் பையில வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு அந்தம்மா அம்மாம் படிச்சுது?" என்றும் கேட்டாள். நல்ல கேள்விதான். எனக்கும் தெரியவில்லை.

டப்பாக்களைக் கொடுத்தபோது டாக்டரம்மா எல்லோரிடமும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "எனக்காக எதையும் மாத்தாதீங்க. எப்பவும் போல இருங்க, எப்பவும் போல சாப்பிடுங்க."

இதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

எங்களுக்கு அந்த வாக்கியம் நன்றாகப் பழக்கம். கார் கம்பெனிக்காரர்கள் எங்களைப் பரிசோதிக்க வருவார்கள், ஆடிட் என்று பெயர். வந்ததும் அவர்கள் சொல்கிற முதல் வாக்கியம், "நாங்க வந்திருக்கோம்னு நினைக்காதீங்க, எப்பவும் போல வேலை பாருங்க" என்பதுதான். அதற்கு அர்த்தம் இந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எப்பவும் போல இருந்தால் தொலைந்தீர்கள். அதனால் ஆடிட் வருகிறது என்றால் தரையைக் கழுவுவோம், மஞ்சள் கோடு போடுவோம், ஒழுகுகிற குழாயைத் துணி சுற்றி மறைப்போம். கேன்டீனில் அன்றைக்கு மட்டும் சாம்பாரில் காய் தட்டுப்படும். இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பிலேயே ஊறிப்போன விஷயம்.

சாம்பிள் கொடுக்கிற வாரத்திலும் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

முடிவுகள் வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னையும் ஏழுமலையையும் ஸ்டெல்லாவையும் டாக்டரம்மா மேலே கூப்பிட்டார். லேப்டாப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டே ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட், ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க. அதுகூடப் பரவால்லைங்க. எல்லாரோட வயிறும் சாமியார் வயிறு மாதிரி இருக்குது. இவ்வளவு சுத்தமான வயித்துக்காரங்களை நான் பாத்ததே இல்லீங்க. ஒருத்தருக்கு மட்டும் பாதிக் கிருமியைக் காணோம். எப்படிங்க?"

நான் பெருமையோடு நிமிர்ந்தேன். "நாங்களும் சும்மா இல்ல மேடம். நான் மூனு வேளையும் கஞ்சி, தயிர், முருங்கைக்கீரை. டீ கூட நிறுத்திட்டேன்."

"எப்பவும் அதைத்தானே சாப்பிடறீங்க?"

"சேச்சே, சாம்பிள் குடுக்குற வாரம் மட்டும்தான்."

ஸ்டெல்லா, "நான் பேதிக்கு சாப்ட்டு வயித்தை கிளீன் பண்ணிட்டு, அப்புறம் பழமா சாப்ட்டேன் மேடம். அசிங்கமா இருந்தா நீங்க இன்னா நெனைப்பீங்க?" என்றாள்.

ஏழுமலைதான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டான். "கிருமியத்தானே மேடம் தேடுவீங்க? ஒன்னுகூட மாட்டக்கூடாதுன்னு, பல்லு வலிக்கு வாங்கின ஆன்டிபயாடிக் வூட்ல மிச்சம் கெடந்துச்சு, மொத்தத்தையும் போட்டுக்கினேன். நம்ம கம்பெனி மானம் இன்னாவறது?"

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் அவர் நிறுத்தினார். எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அடுத்த வாரம் அவங்க வர்றாங்க" என்றார்.

ஆடிட் சமாளிப்பதில் எங்களுக்கு இருக்கிற அனுபவத்தை அப்படியே அவர் காலடியில் கொட்டினோம். "மேடம், இத்த சொல்லவே சொல்லாதீங்க. நல்லா கீது, இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்னு இழுங்க" என்றான் ஏழுமலை. வந்தவர்களுக்கு முதலில் போண்டா, பிறகு பேச்சு என்றேன் நான். "ஒரே ஒரு மூலைய பளபளன்னு வெச்சிட்டு, அங்கயே நிக்க வெச்சிடணும் மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

"நடந்ததைச் சொல்லிடறேங்க."

"சொன்னா பணத்த நிறுத்திடுவாங்களா மேடம்?"

"தெரியாதுங்க."

அந்தத் தடவை முகம் மலரவில்லை. ஆனால் குரல் அதேதான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் குரல்தான் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது. இப்போதும் என் கைப்பேசி மாதத்துக்கு ஒரு நோய் எனக்கு ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பெல்லாம் அதை நோய் என்றே எடுத்துக்கொண்டு வேர்த்துப்போவேன். இப்போது முதலில் வேர்த்துவிட்டு, அப்புறம் "தெரியாதுங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டாக்டரிடம் நேரம் கேட்கிறேன். பெரிய முன்னேற்றம் இல்லை. வரிசைதான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

அறக்கட்டளை ஆட்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், டாக்டரம்மா ஏதோ வேலையாக வெளியே போனபோது, எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. தரையைக் கழுவி மஞ்சள் கோடு போட்டோம். ஆடிட் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினோம். மேஜையில் 'மேஜை', ஃப்ரீசரில் 'ஃப்ரீசர்', அவர் நாற்காலியின் முதுகில் 'டாக்டர்'. திரும்பி வந்து பார்த்தவர் எதையும் பிய்க்கவில்லை.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நரைத்த தலை, பெரிய வயிற்று நிபுணர். கூட ஒரு கண்ணாடிக்கார அம்மா. நாங்கள் சாட்சிகளைப் போலச் சுவரோரம் நின்றோம். போண்டாத் தட்டை நான் நீட்டுவதற்குள் டாக்டரம்மா ஆரம்பித்துவிட்டார்.

"முதல்லயே சொல்லிடறேங்க. இந்த சாம்பிள் எதுவும் உதவாதுங்க."

என் வயிறு சத்தமாக ஒரு கேள்வி கேட்டது. கண்ணாடிக்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தேன், அவன் வயிறு போல இருக்கட்டும் என்று.

கஞ்சி, பேதி, ஆன்டிபயாடிக், எதையும் விடாமல் அவர் சொல்லி முடித்தார். நரைத்த தலைப் பெரியவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நாங்க குடுத்த பணம் வீணா?"

"பாதி வீணுங்க. எப்பவும் போல இருங்கன்னு சொன்னா இங்க யாரும் எப்பவும் போல இருக்க மாட்டாங்க. இது எனக்குத் தெரியாம இருந்துச்சு. இதே தப்பைப் பெரிய பணம் வாங்கி ஆயிரம் பேர்கிட்டப் பண்ணியிருந்தா, ஷிஃப்ட் மாறினா வயித்துக்கு ஒன்னும் ஆகறதில்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பேனுங்க. எல்லாரும் நம்பியிருப்பாங்க."

"சரி. மறுபடி குடுத்தா மட்டும் இவங்க உண்மையான சாம்பிள் தருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"தெரியாதுங்க."

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பதறிவிட்டது. பதறினால் எனக்கு வாய் நிற்காது.

"தருவோம் சார்! நாள் சொல்லிட்டு வராதீங்க சார். சொல்லிட்டு வந்தா நாங்க வயித்துக்குள்ள கோலமே போட்டு வெப்போம். நைட் ஷிஃப்ட்ல நான் இன்னா சாப்புடறேன்னு தெரியுமா சார்? பரோட்டா, மறுபடி டீ, விடியக்காத்தால பஜ்ஜி, எரிஞ்சா அதுமேல ஜெல்லு. இதான் சார் எங்க எப்பவும் போல!"

"நான் ராத்திரி சாப்புடறதே இல்ல சார், வெறும் பிஸ்கெட்டு" என்றாள் ஸ்டெல்லா.

"நான் சாப்புடறத இங்க சொல்ல முடியாது சார், லேடீஸ் கீறாங்க" என்றான் ஏழுமலை.

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்தபடியே கையெழுத்துப் போடுகிறவர் இல்லை அவர். "புதுப் பணம் கிடையாது. மிச்சம் இருக்கறதை வெச்சு இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டிக்கங்க. அதுக்குள்ள ஏதாவது இருந்தாக் காட்டுங்க. இல்லைன்னா இல்லைன்னே காட்டுங்க" என்று எழுந்தார். போகும்போது நாற்காலியின் முதுகைப் படித்துவிட்டு, "நல்லவேளை, எழுதிவெச்சிருக்கீங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது எங்கள் கஷ்டகாலம். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று போனில் 'இன்று' என்று ஒற்றை வார்த்தை வரும். ஓட வேண்டும். மணிமங்கலத்தில் மச்சானுடைய கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. செல்வி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "கல்யாணத்துல கூடவா விடாது அந்தம்மா?" என்றாள். பிறகு, "டப்பா எடுத்தாந்தியா?" என்று அவளே கேட்டாள். நான் சட்டைப் பையைத் தடவுவதற்குள், வண்டியின் பக்கப் பெட்டியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றை வைத்திருந்திருக்கிறாள்.

மாதங்கள் ஓடின. ஃப்ரீசர் நிரம்பி, சாம்பிள்கள் நகரத்து லேபுக்குப் போயின. பரோட்டாக் கடைக்கு மேலே அந்த அறையை வாடகைக்குப் பார்க்க வேறு யாரோ வந்து போனதாகக் கீழே மாஸ்டர் சொன்னார். ஏழுமலை பஸ்ஸில் வழக்கம் போலக் கத்துவதை நிறுத்திவிட்டான்.

ஒரு சாயங்காலம், டே ஷிஃப்ட் பஸ் கடை வாசலில் நின்றபோது, டாக்டரம்மா படியில் ஏறி உள்ளே வந்தார். பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மொத்த பஸ்ஸையும் பார்த்துக் கத்தினார்.

"உங்க வயித்துல ஏதோ இருக்குதுங்க!"

என் வாழ்நாளில் எந்த டாக்டர் வாயிலிருந்தும் எந்த வாக்கியம் வந்துவிடக் கூடாது என்று நடுங்கிக்கொண்டிருந்தேனோ, அந்த வாக்கியம். கை தன்னால் விலாவுக்குப் போனது.

"என்ன மேடம் இருக்குது?"

"தெரியாதுங்க!" முகம் மத்தாப்பு மாதிரி எரிந்தது. "ஆனா நைட் ஷிஃப்ட்ல எல்லாருக்கும் மாறுதுங்க. ஒரே பக்கமா மாறுது. வலியே இல்லாதவங்களுக்கும் மாறுது! இனிமேதான் என்னன்னு பாக்கணும். பெரிய பணம் தர்றவங்ககிட்டக் காட்டினேன், தர்றோம்னு சொல்லிட்டாங்க!"

ஏழுமலை சீட் மேலே ஏறி நின்று விசில் அடித்தான். ஸ்டெல்லா டாக்டரம்மாவைக் கட்டிக்கொண்டாள். பஸ் முழுக்கக் கைதட்டினார்கள். விலாவில் இருந்த கையை எடுத்துவிட்டு நானும் தட்டினேன்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "இன்னா தல, இன்கிரிமென்ட்டா?"

"இல்லபா. எங்க எல்லாரு வயித்துலயும் ஏதோ கீதாம்."

அவர் என்னைப் பார்த்தார். குதித்துக்கொண்டிருந்த ஏழுமலையைப் பார்த்தார்.

"அதுக்கு இன்னாத்துக்குயா கை தட்றீங்க?" என்று கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.